ஏழாம் மாதத்துத் தாள்

அந்தக் காலண்டரில் ஏழாம் மாதத்துப் படம் நான்தான். அதற்குக் கீழே நின்றுதான் ஆறு மாதமாகச் சமைத்தேன்.

மூன்று மாதத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும், எங்கள் பிஸ்கட் கம்பெனி வாசலுக்கு ஒரு வேன் வரும். நாங்கள் 'கொடையம்மா' என்று சொல்லும் பணக்கார அம்மாவின் அறக்கட்டளை வேன். கருத்தடை ஊசி, இலவசம். எனக்கு இரண்டும் பெண். இரண்டாவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய்ச்சேர இருந்தேன். வீட்டிலோ அடுத்தது பையன் வேண்டுமாம். பெறுகிறவள் நான், அவசரம் அவர்களுக்கு. ஊசி போடுவது வீட்டில் ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது.

போன வருடம் பத்தாம் மாதம், வேனில் வரும் நர்ஸ் ஒரு தாளை நீட்டினாள். அவளை 'ஊசியக்கா' என்போம்.

"கொடையம்மா காலண்டர் போடுறாங்க. நிஜ ஆளுங்க படம்தான் வேணுமாம். ஒரு கையெழுத்து போடு."

"ஐயோ அக்கா, வீட்டுல தெரிஞ்சா தோலை உரிச்சிடுவாங்க."

"மாஸ்க், தொப்பியோட நில்லு. பெத்த தாய்க்கே அடையாளம் தெரியாது. ஆளுங்க படம் இல்லைன்னா வேனை நிறுத்திடுவாங்களோன்னு பயமா இருக்குடி."

வேன் நின்றால் என் கதி? கையெழுத்துப் போட்டேன். ஊசிக்குக் கையை நீட்டியபோது படம் எடுத்தார்கள். அதைக் காட்டவும் செய்தார்கள். நான் முகத்தை மட்டும் பார்த்து, சரி என்றேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மணிக்கட்டுக்கு மேலே பாக்கெட் ஒட்டும் மெஷின் சுட்ட மூன்று கோடுகள். படத்தில் பளிச்சென்று இருந்தன. அந்தப் புண்ணுக்கு இரண்டு வாரம் களிம்பு தடவியவர் என் மாமியார்.

புது வருடத்தில் காலண்டரைத் தெருத்தெருவாகக் கொடுத்தார்கள். ஓசி என்றால் என் கணவர் விடுவாரா? அடுப்படியில் அவரே ஆணி அடித்தார்.

"இது ஊசி காலண்டர்ங்க," என்றேன்.

"தேதி சரியா இருக்குல்ல? அப்புறம் என்ன?"

அவர் பஸ் டிரைவர். மாதம் பிறந்தால் தாளைத் திருப்பி, தன் ஷிஃப்டை அதில் எழுதுவார். ஏழாம் தாளைக் கிழித்தால் ஆறுக்கு அப்புறம் எட்டு வரும். காலண்டரையே தூக்கிப்போட்டால் ஏன் என்பார். எனக்குப் பொய் சொல்லவும் வராது, காது சிவந்துவிடும், சனியன்.

ஆறாம் மாதம் பொறுக்க முடியாமல், கை தவறியதுபோல் எண்ணெயைக் காலண்டர் மேல் கொட்டினேன்.

"சமைக்கிறியா, சுவத்துக்கு எண்ணெய் தேய்ச்சு விடுறியா?" என்றார் மாமியார். என்னைக் கடைக்கு விரட்டிவிட்டு, காலண்டரைக் கழற்றித் தாள் தாளாகத் துடைத்தார். நான் மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது அது பழையபடி ஆணியில் தொங்கியது.

மூன்று வாரம் மாமியார் எப்போதும்போலத்தான் இருந்தார். அவருக்குக் கண் மங்கிவிட்டது போல, பிழைத்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழாம் மாதம் முதல் தேதி, கணவருக்கு முன்னே எழுந்து தாளைத் திருப்பினேன். என்னைக் காணோம். என் இடத்தில் கொழுத்த ஆண் குழந்தை ஒன்று சிரித்தது. ஏதோ பால்பவுடர் டப்பாவின் படம். ஓரம்கூடப் பெயராதபடி மாவுப் பசை போட்டு ஒட்டியிருந்தது. கீழே அறக்கட்டளை அச்சடித்த வரி மட்டும் அப்படியே இருந்தது: 'முடிவு என் கையில்.'

"அவனுக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா கைநீட்டுவான்," என்றார் மாமியார் பின்னாலிருந்து.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "அத்தை..." என்று அவர் கையைப் பிடித்தேன்.

"வேன் என்னைக்கு வரும்?"

"வர்ற வெள்ளிக்கிழமை அத்தை."

"அன்னைக்கு மதியச் சாப்பாடு நான் கொண்டு வரேன். நீ சாப்பிட்டு முடிச்சு, அந்த வேன் கிளம்பிப் போற வரைக்கும் உன் பக்கத்துலயே இருப்பேன்."

என் கைதான் நழுவியது. அதற்குள் கணவர் எழுந்து வந்துவிட்டார். படத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"பய கொழுகொழுன்னு இருக்கான்ல? பேனா குடு, ஷிஃப்ட் எழுதணும்."

எடுத்துக் கொடுத்தேன்.