சொந்த ஊர் கேட்ட அட்டை

நூலகத்துக்குப் பொறுப்பாக வந்து மூன்று வாரமாகியும் றுக்கியா டீச்சரிடம் ஒரு பிள்ளைகூடப் புத்தகம் இரவல் வாங்கவில்லை. ஆனால் அலுமாரியில் ஏழு புத்தகங்களைக் காணவில்லை.

"வியாழக்கிழமைக்குள்ள புத்தகம் வந்து சேரோணும். இல்லாட்டி அறையப் பூட்டிப் போடுவன், டீச்சர்" என்று அதிபர் முத்தலிபு சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற மனிதர். புத்தளத்தில் கல்பிட்டி வீதியோரத்து அந்தப் பள்ளிக்கூடத்தில் உடைந்த கதிரை, மேசைகளைப் போடவே இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய அறை அது. ஒருமுறை பூட்டினால் பிறகு கதிரைகளுக்குத்தான் திறப்பார்கள்.

சிலாபத்தில் நடந்த பயிற்சியில் சொன்னதை அவள் ஒன்று விடாமல் செய்து பார்த்துவிட்டாள். சிரித்தாள். டொபி கொடுத்தாள். பிள்ளைகளோடு ஊர்க் கதை கதையுங்கள் என்றார்கள். அங்கத்துவ அட்டையிலேயே 'சொந்த ஊர்' என்று ஒரு கோடு போட்டு வைத்தாள். வாயாலும் கேட்டாள். கேட்ட மாத்திரத்தில் பிள்ளைகளின் வாய் மூடிக்கொண்டது. வாங்கிப் போன அட்டையை ஒருவரும் நிரப்பித் தரவில்லை. டொபியை மட்டும் மறுக்காமல் தின்றார்கள், கள்ளக் கூட்டம்.

அவளுக்கும் சந்தேகம் பிடித்துக்கொண்டது. யார் வந்தாலும் கையைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். அவர்களோ அவளுடைய பேனாவைப் பார்த்தார்கள். அவள் அதை எடுத்தால் போதும், வாசித்துக்கொண்டிருந்தவர்களும் எழுந்து போனார்கள். என்ன பிள்ளைகள் இதுகள் என்று ஆத்திரமாக வந்தது.

செவ்வாய்க்கிழமை இடைவேளையில் எட்டாம் ஆண்டு நிஃப்லா அகப்பட்டாள். அவளுடைய பர்தாவுக்குள்ளிருந்து திமிங்கிலப் படம் போட்ட புத்தகம் ஒன்று எட்டிப் பார்த்தது.

"களவா?"

"இல்ல டீச்சர். வாசிச்சிட்டுத் திருப்பி வைக்கத்தான். எல்லாரும் அப்பிடித்தான் செய்யிற."

"அட்டைய நிரப்பித் தந்திட்டு நேரா எடுத்துப் போறதுக்கென்ன?"

நிஃப்லா கதவைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அதில சொந்த ஊர் கேட்டிருக்கே. மன்னார் எண்டு எழுதினா இங்க எங்கட குடியிருப்புப் பதிவ வெட்டுவாங்க. புத்தளம் எண்டு எழுதினா அங்க திரும்பிப் போய் இருக்க அரசாங்கம் வாப்பாக்குத் தந்த வீட்ட வெட்டுவாங்க. சண்டை முடிஞ்ச பொறகு ஆர் ஊரக் கேட்டாலும் வாயத் திறக்க வேணாமெண்டு உம்மா சொல்லியிருக்கா."

"நான் ஆரிட்டயும் குடுக்க மாட்டன், மகள்."

"நீங்க எந்த ஊர், டீச்சர்?"

"புத்தளம்தான்." இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் நாக்கு தானாகவே சொல்லிவிட்டது.

நிஃப்லா புத்தகத்தை மேசையில் வைத்தாள். "சண்டையில மன்னார விட்டு எங்கட ஆக்களத் துரத்தின நேரம், எருக்கலம்பிட்டியிலிருந்து எங்கட உம்மாவும் நீங்களும் ஒரே வள்ளத்தில வந்தீங்களாம். உங்களுக்கு அப்ப பத்து வயசாம். வழி நெடுக உம்மாட மடியில சத்தி எடுத்தீங்களாம். தன்ட ஊர மறைக்கிற டீச்சர் எங்கட ஊர ஏன் கேக்கிறா எண்டுதான் எல்லாரும் கதைக்கிறாங்க."

றுக்கியாவுக்கு முகம் சுட்டது. உள்ளூர் ஆள் என்று காட்டித்தான் இந்த நியமனத்தை வாங்கியிருந்தாள். பிள்ளைகள் எல்லோருக்கும் அது தெரிந்திருக்கிறது; தெரியாதவர் அதிபர் ஒருவர்தான். வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. ஓர் அட்டையை எடுத்துப் பெயரை எழுதினாள். சொந்த ஊர் என்ற கோட்டில் எருக்கலம்பிட்டி என்று எழுதி, கையெழுத்தும் போட்டு நீட்டினாள்.

"இது அதிபர்ட கையில கிடைச்சா என்ட வேலை போகும். நீ வச்சிக்கொள்ளு."

நிஃப்லா சிரிக்கவில்லை. அட்டையை இருபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

புதன்கிழமை முழுவதும் றுக்கியாவின் உயிர் அவளிடம் இல்லை. அதிபர் கூப்பிட்டனுப்பியபோது அட்டை அவர் கைக்குப் போய்விட்டது என்றே நினைத்தாள். அவர் கேட்டது சோக்குப் பெட்டியை.

வியாழன் காலை அவள் வரும்போது மேசையில் திமிங்கிலப் புத்தகத்தோடு சேர்த்து ஏழு புத்தகங்களும் இருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் அட்டை, ஒவ்வோர் அட்டையிலும் சொந்த ஊர். இரண்டு தரம் புரட்டித் தேடினாள். அவளுடைய அட்டை மட்டும் இல்லை.

நிஃப்லாவை மெல்லக் கூப்பிட்டாள். "என்ட அட்டை எங்க, மகள்?"

"அது எங்கள்ட்ட இருக்கட்டும், டீச்சர்" என்றாள் நிஃப்லா. "எங்கடது உங்கள்ட்ட இருக்குதானே."