கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளி

அரசாங்க உதவியில் எடுக்கிற படம் என்றாலே உதட்டைப் பிதுக்குகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களில் ஒருவராகத்தான் உருட்டுவிழியும் இருந்தார். இப்போது யாராவது அவர் காதுபட அப்படிப் பேசட்டும், பார்க்கலாம்! சண்டைக்கே வந்துவிடுவார். அப்படி எடுத்த ஒரு படத்துக்கும், அதில் வேலை பார்த்த ஒரு பெண்மணிக்கும், ஒன்பது வயது வாலு ஒருத்திக்கும் அவர் அவ்வளவு கடமைப்பட்டிருக்கிறார்.

உருட்டுவிழி என்பது தாய் தகப்பன் வைத்த பெயர் இல்லை. முப்பது வருடமாகப் படங்களில் அடிப்பதும் மிரட்டுவதும்தான் அவருக்குப் பிழைப்பு. அவர் கண்ணை உருட்டினால் தியேட்டரில் பிள்ளைகள் அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். நிஜத்தில் கரப்பான்பூச்சிக்குக்கூட ஒதுங்கி வழிவிடுகிற ஆசாமி. அதைச் சொன்னால் யார் நம்புகிறார்கள்?

ஊரே பயப்படட்டும், அதில் அவருக்குப் பெருமைதான். பெற்ற மகளே அவரை நம்பவில்லை என்பதுதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. மகள் மரியாதைக்குக் குறை வைக்கிறவள் இல்லை. மனைவி போன பிறகு தனியாக இருக்கும் அவருக்கு மாதாமாதம் மாத்திரை வாங்கித் தருவாள், ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிடுவாள். ஆனால் பேத்தி பிறந்து நாலு வருடத்தில் ஒரு தடவைகூட அந்தப் பிள்ளையை அவரிடம் தனியாக விட்டதில்லை. மாடியில் காயும் துணியை எடுக்கப் போனால்கூட இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு போவாள். "நான் பாத்துக்கறேனே, விட்டுட்டுப் போம்மா" என்று எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்துவிட்டார். "பரவால்லப்பா" என்பாள். அந்த ஒரு வார்த்தைதான். ஏன் என்று அவர் கேட்டதில்லை. கேட்டால் எங்கே பதில் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

இந்த நிலைமையில்தான் அந்தப் படம் வந்தது. பொதுப் பணத்தில் நல்ல படங்களுக்கு உதவி செய்ய ஒரு வாரியம் இருக்கிறது. அவர்கள் கதையைப் படித்துப் பார்த்து, முதல் படம் எடுக்கும் இளைஞர் ஒருவருக்கு நிதி கொடுத்திருந்தார்கள். கோபக்கார அப்பாவுக்கும் ஒன்பது வயது மகளுக்கும் நடுவில் நடக்கிற கதை. அடிக்கிற அப்பா வேண்டும் என்றால் வேறு யாரைக் கூப்பிடுவார்கள்?

நிதியோடு நிபந்தனைகளும் வந்தன. அவற்றை நடத்திவைக்க வாரியமே ஒரு பெண்மணியை அனுப்பியது. காட்டன் புடவை, தோளில் தொங்கும் துணிப்பை, கையில் ஒரு நீல நோட்டு. வந்த அன்றைக்கே எல்லாரும் அவருக்கு ரூல்ஸ் அக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிள்ளை ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கேமரா முன்னால் நிற்கக் கூடாது. இரண்டு மணி நேரம் பாடம் படிக்க வேண்டும். அம்மாவோ அப்பாவோ கண்ணெதிரே இருக்க வேண்டும். பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்றால் அவளே படப்பிடிப்பை நிறுத்தலாம், அதற்கு ஒரு வார்த்தை அவளே வைத்துக்கொள்ள வேண்டும்.

"என்ன வார்த்தை வேணும், சொல்லு" என்று கேட்டார் ரூல்ஸ் அக்கா.

மகளாக நடிக்க வந்த வாலு கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "ஒட்டகம்!"

அன்றைக்கு மட்டும் பதினோரு தடவை ஒட்டகம் வந்தது. காலணி கடித்தால் ஒட்டகம், தண்ணீர் தவித்தால் ஒட்டகம், லைட்டுக்காரரின் தொப்பி கோணலாக இருந்தால் ஒட்டகம். உருட்டுவிழிக்கு மூக்குக்கு மேல் கோபம். "இது ஷூட்டிங்கா, மிருகக்காட்சி சாலையா?" என்று முணுமுணுத்தார்.

அதைவிட அவருக்கு எரிச்சல் மூட்டியது இன்னொன்று. அடிக்கிற காட்சி முடிந்ததும், அடித்தவர் பிள்ளை முன்னால் தரையில் உட்கார வேண்டும். அவள் உயரத்துக்கு இறங்கி, கண்ணைப் பார்த்து, தன் பெயரைச் சொல்லி, "நான் உன்னை அடிக்கல. இது நடிப்பு" என்று சொல்ல வேண்டும். உள்ளங்கையை விரித்துக் காட்ட வேண்டும். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டு, "சரி, நம்பறேன்" என்றால்தான் அடுத்த வேலை. வயதான காலத்தில் முட்டி வலியோடு தரையில் உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டுமா என்று அவருக்கு ஆற்றாமை.

"ஏம்மா, முப்பது வருஷமா அடிச்சுட்டு இருக்கேன். எனக்கே புதுசா சொல்லித் தர்றீங்களா?" என்று கேட்டும்விட்டார்.

ரூல்ஸ் அக்கா கோபப்படவில்லை. "உங்களுக்கு இல்லண்ணே, அவளுக்குத்தான். ஊர் ஜனங்க கட்டின வரியில எடுக்கிற படம் இது. இதுல ஒரு பிள்ளை நிஜமா அழுதா, அந்த அழுகைக்கு ஊரே சேர்ந்து காசு கொடுத்த மாதிரி ஆயிடும்" என்றார்.

மூன்றாம் நாள் அந்த முக்கியமான காட்சி. வாடகைக்கு எடுத்த வீட்டின் சமையலறை. மகள் பாத்திரத்தைக் கீழே போட்டு உடைக்கிறாள், அப்பா அறைகிறார், அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். கேமரா உருட்டுவிழியின் தோளுக்குப் பின்னால். அவர் கை வாலுவின் கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றில் போகும். அதே நொடியில் அவள் தலையைத் திருப்புவாள். சத்தத்தைப் பிற்பாடு சேர்த்துக்கொள்வார்கள். கேமராவுக்குப் பார்த்தால் அசல் அறை.

அறை சரியாகத்தான் விழுந்தது. நிமிர்ந்து பார்க்கிற பார்வைதான் வரவில்லை. முதல் தடவை சிரித்துவிட்டாள். இரண்டாவது தடவை கண்ணை மூடிக்கொண்டாள். ஒவ்வொரு தடவைக்கும் உருட்டுவிழி தரையில் உட்கார்ந்து, பெயரைச் சொல்லி, கையைக் காட்டி எழுந்ததில் முட்டி கழன்றுவிடும் போல் ஆகிவிட்டது. நாலாவது தடவையும் வராமல் போகவே இயக்குநர் தம்பியின் முகம் வாடிவிட்டது. அன்றைக்கு அவளுக்கு இன்னும் இருபது நிமிடம்தான் மிச்சம்.

பாட டீச்சர் எதற்கோ கூப்பிட, ரூல்ஸ் அக்கா பக்கத்து அறைக்குப் போனார். வாலுவின் அம்மா வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தாள். இயக்குநர் தம்பி உருட்டுவிழியின் காதோரம் வந்தார்.

"அண்ணே, ஒரே ஒரு தடவை. லேசா பட்டா போதும். அவ அதிர்ந்து பார்ப்பா பாருங்க, அதான் எனக்கு வேணும். யாருக்கும் தெரியாது."

"சரி தம்பி" என்றார் உருட்டுவிழி. யோசித்துச் சொன்ன பதில் இல்லை அது. முப்பது வருடமாக இயக்குநர் எதைக் கேட்டாலும் சரி என்றே சொல்லிப் பழகிய வாய், அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது.

கேமரா ஓடியது. பாத்திரம் உடைந்தது. அவர் கையை ஓங்கினார்.

வாலு அசையாமல் நின்றாள். முகத்தில் துளிப் பயம் இல்லை. இந்தக் கை நம் மேல் படாது என்று அவளுக்குத் தெரியும். நாலு தடவை தரையில் உட்கார்ந்து கையை விரித்துக் காட்டிச் சொன்ன மனிதர் அல்லவா இவர்!

அந்த முகத்தைப் பார்த்ததும் இன்னொரு முகம் அவர் கண்ணுக்குள் வந்தது. ஆறு வயது முகம். இருபத்துநாலு வருடத்துக்கு முன்னால், தன் மகளையே தன்னோடு ஒரு படத்தில் நடிக்க வைத்தார். அதிலும் ஓர் அறை உண்டு. "நிஜமா அடிங்க சார், உங்க பொண்ணுதானே" என்றார் அன்றைய இயக்குநர். அடித்தார். ஒவ்வொரு டேக்கிலும் அடித்தார். இரண்டாவது டேக்கிலிருந்து அவர் கை எழும்போதே குழந்தையின் தோள் தூக்கிப் போட்டது. எல்லாம் முடிந்ததும் தூக்கி வைத்துக்கொண்டு, "நடிப்புதான்டா கண்ணு" என்றார். பிள்ளை என்னமாய் நடித்திருக்கிறது என்று ஊரெல்லாம் மெச்சியது. அவருக்கும் தலைகால் புரியவில்லை.

ஓங்கிய கை அப்படியே அந்தரத்தில் நின்றுவிட்டது.

"ஒட்டகம்!" என்று கத்தினார் உருட்டுவிழி.

செட்டே வாயைப் பிளந்தது. லைட்டுக்காரர் ஏணியிலிருந்து விழப் பார்த்தார். வாலுவுக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. "அது என்னோட வார்த்தை! நீங்க எப்படிச் சொல்லலாம்?" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

சத்தம் கேட்டு ரூல்ஸ் அக்கா ஓடிவந்தார். "என்னண்ணே ஆச்சு?"

"எனக்குப் பயமாயிடுச்சும்மா" என்றார் அவர். நடந்ததை இயக்குநர் தம்பியே தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். ரூல்ஸ் அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இத நான் எழுதத்தான் செய்வேன் தம்பி. வாரியத்துக்கு நீங்களே போய்ப் பதில் சொல்லிக்குங்க" என்றார். கையோடு வாலுவின் அம்மாவையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டு, அன்றைக்கு அவளுடைய வேலையை அத்தோடு நிறுத்தினார்.

அப்புறம் உருட்டுவிழியைப் பார்த்தார். "முடிச்சு வைங்கண்ணே. கை ஓங்கினீங்கல்ல?"

உருட்டுவிழி தரையில் உட்கார்ந்தார். இந்தத் தடவை முட்டி வலி ஞாபகமே இல்லை. பெயரைச் சொன்னார். "நான் உன்னை அடிக்கல. இது..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். "இந்தத் தடவை அடிக்கறதாத்தான் இருந்தேன். ஆனா அடிக்கல" என்றார்.

வாலு அந்தக் கையைத் தட்டவில்லை. உற்றுப் பார்த்தாள். "நீங்க நிஜமா யாரையாவது அடிச்சிருக்கீங்களா, அங்கிள்?"

"அடிச்சிருக்கேன். என் பொண்ண. உன்ன விடச் சின்னவ அப்ப."

"அப்புறம் என்ன சொன்னீங்க?"

"நடிப்புன்னு சொன்னேன்."

"பொய்தானே அது?"

ஒன்பது வயதுப் பிள்ளை பட்டென்று கேட்டுவிட்டது. இருபத்துநாலு வருடமாக அவர் தன்னிடமே கேட்டுக்கொள்ளாத கேள்வி. "பொய்தான்" என்றார். அவள் அவர் கையை ஒரு தட்டு தட்டினாள். "இப்ப நம்பறேன்."

மறுநாள் காலையில் இயக்குநர் தம்பி வாலுவிடமும் அவள் அம்மாவிடமும் முதலில் மன்னிப்புக் கேட்டார். பிறகுதான் அந்தப் பார்வை எதற்கு வேண்டும் என்று அவளுக்குப் பொறுமையாக விளக்கிச் சொன்னார். "இத நேத்தே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் அவள். இரண்டாவது டேக்கில் ஓகே. கை கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளித்தான் போனது. ஆனால் அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையில் லைட்டுக்காரர் மூக்கை உறிஞ்சினார். அன்று சாயங்காலம் உருட்டுவிழி ரூல்ஸ் அக்காவைத் தேடிப்போய், "ரொம்ப நன்றிம்மா. அப்பவே உங்கள மாதிரி ஒருத்தர் அங்க இருந்திருந்தா..." என்று சொல்ல வந்து, முடிக்க முடியாமல் கும்பிட்டுவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளை வெளியூர் போயிருந்தார். பேத்தி தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். மகள் மேஜை மேல் துணி விரித்து, மருந்துக் கடைக்குப் போட்டுக்கொண்டு போகும் வெள்ளைக் கோட்டுகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மாடி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார். வரும்போது பஸ்ஸில் ஒத்திகை பார்த்த வசனம் எல்லாம் மறந்துவிட்டது. "அந்தப் படத்துல... அது நடிப்பு இல்லம்மா. நான் உன்ன நிஜமா அடிச்சேன். வலிக்கும்னு தெரிஞ்சேதான் அடிச்சேன். டைரக்டர் கேட்டாருன்னு ஆறு தடவை அடிச்சேன். உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

இஸ்திரிப் பெட்டி நின்றது. மகள் திரும்பவில்லை.

"ஏழு" என்றாள்.

"என்னது?"

"ஆறு இல்லப்பா, ஏழு. முதல் அடி ஒத்திகையில. அப்ப கேமராவே ஓடல. டைரக்டர் எதுவும் கேட்கல. நான் சிரிச்சுட்டேன்னு நீங்களாத்தான் அடிச்சீங்க. அதப் பாத்துட்டுத்தான் அவரு, 'ஆ, இதேதான் வேணும்'னாரு."

இத்தனை வருடமும் உருட்டுவிழி எல்லாப் பழியையும் அந்த இயக்குநர் தலையில் போட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார். இல்லை என்று சொல்ல வாய் திறந்தார். அப்போது அந்த ஒத்திகை ஞாபகத்துக்கு வந்தது. சிரித்த அந்த முகமும், சட்டென்று அது அணைந்துபோனதும் வந்தது.

"ஆமா" என்றார். "ஏழு. ஏழுதாம்மா. அந்த முதல் அடி என்னோடது."

மகள் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"யாரு உங்களச் சொல்ல வெச்சது?" என்றாள்.

"கூட நடிக்கிற ஒரு வாலுப் பொண்ணு. ஒன்பது வயசு."

"அவ நல்லா இருக்கணும்" என்றாள் மகள். சுவரில் மாட்டியிருந்த பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். செருப்பை மாட்டினாள். "எண்ணெய் தீந்துடுச்சு. கடைக்குப் போயிட்டு வரேன். மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்கப்பா. கடைக்குத்தான் போறேன்."

"போயிட்டு வாம்மா" என்றார்.

கதவு சாத்திய சத்தம் கேட்டது. படியிறங்கும் சத்தம் கேட்டது. உருட்டுவிழி இரண்டு கையையும் முட்டி மேல் வைத்துக்கொண்டு, நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

பேத்தி தலையைத் தூக்கிப் பார்த்தாள். "தாத்தா, அம்மா எங்க?"

"கடைக்குப் போயிருக்காடா."

"என்னக் கூட்டிட்டுப் போகலையா?"

"இல்லடா கண்ணு" என்றார். கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கத் தோன்றவில்லை. "உன்ன என்கிட்ட விட்டுட்டுப் போயிருக்கா."