எல்லைக் கம்பத்தில் நின்ற ஜாவா

1963 ஜனவரி 20, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணிக்குக் கந்தர்வக்கோட்டையில் மாட்டுவண்டிப் பந்தயம் தொடங்கியது. ஒன்பது வண்டிகள் ஓடின. நடுவர் மோட்டார் சைக்கிளில் போனார்.

நடுவர் மோட்டாரில்தான் போகவேண்டும் என்று கமிட்டியில் மல்லுக்கு நின்றவன் சேவுகன். முந்திரிக்காட்டை ஒட்டி அவனுக்கு வீடும் கொட்டிலும் இருந்தன. கொட்டிலில் ஒரு மயிலைக்காளையும் ஒரு செவலைக்காளையும் நின்றன. வண்டிகள் மூன்று மைல் போய், சாலை நடுவே நட்ட கம்பத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பி வரவேண்டும். இதுதான் பந்தயம். போன ஆண்டு அந்தக் கம்பத்தில்தான் தகராறு வந்தது. குளத்தூர் மதுரைவீரனின் வண்டி கம்பத்தைச் சுற்றாமல் முன்னாலேயே திரும்பிவிட்டது என்று சேவுகன் சத்தியம் செய்தான். புழுதியில் ஒன்றும் தெரியவில்லை என்றார், கம்பத்தடியில் கொடி பிடித்து நின்றவர். அவர் மதுரைவீரனுக்குச் சித்தப்பா. முதல் பரிசு குளத்தூருக்குப் போயிற்று. மயிலைக்கு வயதாகிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு பந்தயம் ஓடினால் பெரிது என்பது சேவுகனுக்குத் தெரியும்.

"இந்தத் தடவை நடுவரு வண்டி கூடவே வரணும். கம்பத்துக்கிட்ட எறங்கி நின்னு பாக்கணும்" என்றான் கமிட்டியில்.

"பந்தய மாட்டு வேகத்துக்கு யாருப்பா கூட வருவா? ஒம் மாமனாரா?" என்றான் மதுரைவீரன். கூட்டம் சிரித்தது.

"செபமாலையோட மோட்டாரு வரும்."

செபமாலை ஊர் ஊராகப் போய் இறைப்பு இயந்திரம் விற்கும் இளைஞன். அவனிடம் மைசூரில் செய்த புது ஜாவா மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. கருஞ்சிவப்பு உடம்பு, பெட்ரோல் தொட்டியின் இரு பக்கமும் முகம் பார்க்கலாம் போன்ற பளபளப்பு, பின்னால் இரண்டு பக்கமும் நீளும் புகைக்குழாய்கள். கமிட்டி ஒப்புக்கொண்டது. இரு தரப்புக்கும் உறவில்லாத ஆதனக்கோட்டை அய்யாக்கண்ணு நடுவரானார்.

சபையில் சொல்லிவிட்டானே தவிர, சேவுகன் அந்த வண்டியைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. மறுநாளே செபமாலையைப் பிடித்தான்.

"தம்பி, ஒன் வண்டியை நான் பாக்கணும்."

"பாருங்கண்ணே."

செபமாலை ஒரே உதைதான் உதைத்தான். எஞ்சின் பிடித்துக்கொண்டது. உதைத்த அதே மிதியைத் திருப்பி முன்பக்கம் சாய்த்து, அதையே காலால் அழுத்தி கியர் போட்டான். சேவுகன் குனிந்து பார்த்தான்.

"என்னப்பா இது, ஒதைச்ச கட்டையவே கியரு ஆக்கிட்ட?"

"ரெண்டு வேலைக்கு ரெண்டு இரும்பு எதுக்குண்ணே? கியர அழுத்துனா கிளட்சும் தானா வெலகிக்கிரும். கையால புடிக்கணும்னுகூட இல்ல."

பின்னால் ஏறி உட்கார்ந்த சேவுகன், புதுக்கோட்டைச் சாலைக்கு வந்ததும் செபமாலையின் தோளை இறுகப் பற்றினான். வேகம் காட்டும் முள் ஏறிக்கொண்டே போனது. பனைகள் பின்னால் ஓடின. கண்ணில் நீர் வந்தது. தலையில் கட்டியிருந்த துண்டு எப்போது பறந்தது என்றே தெரியவில்லை.

"தொண்ணூறுண்ணே!"

"மைலா?"

"கிலோமீட்டரு!"

"அதுவே போதும்டா, நெறுத்து!"

நிறுத்த வேண்டிய வேலையை ஓர் ஆட்டு மந்தை செய்தது. சாலையின் குறுக்கே இறங்கிய ஆடுகளுக்கு முன்னால் வண்டி இழுபடாமல், சாயாமல் நேராக நின்றது. கடைசிக் குட்டி சக்கரத்தை முகர்ந்துவிட்டுப் போயிற்று. ஓட்டத்தைவிட அந்த நிற்பு சேவுகனுக்கு மிகவும் பிடித்திருந்தது. திரும்பும்போது மெதுவாகப் போகச் சொன்னான். காளைகள் ஓடும் வேகத்துக்கு இறங்கியும் வண்டி திணறவில்லை. மேட்டில் இரண்டு பேரைச் சுமந்து ஏறியபோதும் இரைச்சல் கனக்கவில்லை.

கொட்டில் வாசலில் இறங்கியதும் கடைசிக் கேள்வியைக் கேட்டான்.

"நின்ன எடத்துல அணையாம நிக்குமா? கம்பத்துக்கிட்ட நடுவரு பாக்குற நேரத்துல இது அணைஞ்சு, நீ ஒதைச்சுக்கிட்டே நின்னா, மதுரைவீரன் வீடு போய்ச் சேந்துருவான்."

செபமாலை வண்டியை நிறுத்துக்காலில் ஏற்றி, எஞ்சினை ஓடவிட்டு, இருக்கையில் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்தான். பிறகு சேவுகன் மனைவி மூக்காயி கொடுத்த காப்பியை ஆற அமரக் குடித்தான். டப் டப் டப் என்று ஒரே தாளம். தம்ளரில் தண்ணீர் நடுங்கியது, சிந்தவில்லை. எஞ்சினும் அணையவில்லை.

"பிசகில்லாத சாமான்" என்றான் சேவுகன்.

காளைகள்தான் கயிற்றை இழுத்துக்கொண்டு திமிறின. பந்தயத்தன்று இப்படி மிரண்டால் என்ன ஆவது? அதற்கும் சேவுகன் வழி கண்டுபிடித்தான். தினமும் சாயங்காலம் செபமாலை வந்து கொட்டில் முன்னால் எஞ்சினை ஓடவிட வேண்டும். அந்த நேரம் பார்த்து மூக்காயி அரைத்த பருத்திக்கொட்டையும் தவிடும் கலந்து தொட்டியில் வைப்பாள். முதலில் ஒதுங்கி நின்ற காளைகள் பிறகு ஒரு கண்ணை வண்டிமேல் வைத்துக்கொண்டே தின்றன. பொங்கலுக்குள், ஜாவா முந்திரிக்காட்டைத் தாண்டும்போதே காதை விடைத்து எழுந்து நின்றன.

"நான் வந்தா திரும்பிப் பாக்காததுக, மோட்டாரு வந்தா எந்திரிச்சு நிக்குதுக. ஒங்க மாடுங்குறது சரியாத்தான் இருக்கு" என்றாள் மூக்காயி.

"பயம் தெளிஞ்சிருச்சுடி" என்றான் சேவுகன். அதற்குமேல் அவன் யோசிக்கவில்லை.

பந்தயத்தன்று அய்யாக்கண்ணு குடையை இடுக்கிக்கொண்டு பின் இருக்கையில் ஏறினார். கனத்த உடம்பு. வண்டியின் பின்பக்கம் ஒரு முறை தாழ்ந்து நிமிர்ந்தது.

"தம்பி, விழுறதா இருந்தா சொல்லிட்டு விழு."

"பூசைக்குக்கூடப் போகாம வந்துருக்கேன் அய்யா. மாதா விட்ருமா?"

வெடி வெடித்தது. புழுதி எழுந்தது. பாதி வழியில் சேவுகன் எல்லாருக்கும் முன்னால் இருந்தான். மதுரைவீரன் இரண்டு வண்டி நீளம் பின்னால். பக்கத்திலேயே ஜாவா வந்தது, ஒரு வண்டியையும் உரசாமல், ஒரு மாட்டையும் மிரட்டாமல். மேடு வந்ததும் செபமாலை கைப்பிடியைக் கொஞ்சம் திருகினான். அந்தக் கனத்த மனிதரைச் சுமந்துகொண்டே வண்டி முன்னால் பாய்ந்து மேட்டைத் தாண்டியது. நமக்காக ஒரு சாட்சி போகிறது என்று சேவுகன் நெஞ்சு நிமிர்ந்தது.

கம்பத்துக்குக் கொஞ்சம் முன்பாக, சாலையின் வலது ஓரத்தில் ஜாவா நின்றது. அய்யாக்கண்ணு இறங்கிக் கம்பத்தைப் பார்த்து நின்றார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. டப் டப் டப்.

மயிலையின் காது விடைத்தது. பிறகு செவலையின் காது. கம்பத்துக்கு இன்னும் இருபது முப்பது அடி இருக்கும்போதே இரண்டும் ஒன்றாக வலப்பக்கம் திரும்பின. சேவுகன் கயிற்றை இழுத்தான், அதட்டினான், வாலைப் பிடித்து முறுக்கினான். காளைகள் சாலையைக் குறுக்கே கடந்து, ஜாவாவிடம் வந்து நின்றன. மயிலை பெட்ரோல் தொட்டியை முகர்ந்துவிட்டு, அதற்குக் கீழே குனிந்து எதையோ தேடியது.

"சேவுகா, கம்பம் அங்கிட்டுல்ல இருக்கு!" என்றார் அய்யாக்கண்ணு.

மதுரைவீரன் அப்போது கம்பத்தை அழகாகச் சுற்றித் திரும்பிக்கொண்டிருந்தான். "என்ன பங்காளி, பெட்ரோல் போட நின்னுட்டியா?" என்று கேட்டுக்கொண்டே கடந்து போனான்.

"மோட்டார அணைடா!" என்று கத்தினான் சேவுகன்.

செபமாலை சாவியைத் திருகினான். காளைகள் தலையைத் தூக்கின. சேவுகன் குதித்து, மூக்கணாங்கயிற்றைப் பிடித்து, வண்டியைக் கையாலேயே நடத்திக் கம்பத்தைச் சுற்றினான். அதற்குள் இன்னும் மூன்று வண்டிகள் திரும்பிப் போய்விட்டன.

அவன் ஏறி உட்காரவும், அய்யாக்கண்ணு பின்னால் ஏறி ஜாவா ஒரே உதையில் உயிர் பிடிக்கவும் சரியாக இருந்தது. முதல் வண்டியைப் பிடிக்க நடுவர் விரைந்தார். அந்தச் சத்தம் தூரமாகப் போவதைக் காளைகள் பொறுக்கவில்லை. சாட்டை தேவைப்படவில்லை. ஜாவா போன திசையில் அவை பறந்தன. மேட்டில் ஒரு வண்டி, முந்திரிக்காட்டருகே இரண்டு வண்டிகள் என்று தாண்டிவிட்டன. தன் மாடுகள் இப்படி ஓடி சேவுகன் பார்த்ததில்லை. மதுரைவீரனின் சக்கரத்தை நெருங்கியபோது எல்லைக்கோடு வந்துவிட்டது.

கமிட்டியார் முன்னால் அய்யாக்கண்ணு குடையை ஊன்றி நின்றார். "மதுரைவீரன் கம்பத்தை முழுசாச் சுத்துனாரு. நான் கண்ணால பாத்தேன். சேவுகா, ஒனக்கு ஆட்சேபணை உண்டா?"

சேவுகன் முகத்துப் புழுதியைத் துடைத்தான். ஒரு கணம் ஜாவாவைப் பார்த்தான். அது நிறுத்துக்காலில் சாதுவாக நின்றது.

"இல்லங்க. மோட்டாரு தானா ஒரு நிமிசங்கூட அணையல பாருங்க" என்றான்.

முதல் பரிசை மதுரைவீரன் வாங்கினான். இரண்டாம் பரிசாக சேவுகனுக்கு ஒரு பித்தளை அண்டா கிடைத்தது. மயிலை அதற்குப் பிறகு பந்தயத்தில் ஓடவில்லை. அடுத்த ஆண்டும் நடுவர் ஜாவாவில் போனார். கம்பத்துக்கு வந்ததும் எஞ்சினை அணைத்துவிட வேண்டும் என்று கமிட்டி விதி போட்டிருந்தது.