குடல்வால் நுனியில் ஒரு கட்டி

என்னிடம் ஆட்கள் வருவதில்லை. அவர்களிடமிருந்து வெட்டியெடுத்த துண்டுகள்தான் பரிசோதனைக்கு வரும். எனக்கும் அதுதான் சௌகரியம். துண்டுகள் அழாது, "பயப்பட ஒண்ணும் இல்லையே டாக்டர்?" என்று நூறு தடவை கேட்காது.

அன்று வந்தது ஒரு குடல்வால். தையற்கடைக்காரி ஒருத்தி வயிற்றுவலியோடு வந்து சேர்ந்து, ஆபரேஷன் முடிந்து வார்டில் படுத்திருந்தாள். குடல்வால் எனக்குப் பல் தேய்ப்பது மாதிரி. நறுக்கு, பார், எழுது, அடுத்தது. ஆனால் இதன் நுனியில் பட்டாணி அளவுக்கு வெள்ளையாக, கெட்டியாக ஒரு கட்டி இருந்தது. ஸ்லைடில் பார்த்தால், குடலைத் தானாக அசைக்கிற மென்தசை. அதுவே சுருண்டு முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறது. கர்ப்பப்பையில் இந்த மாதிரி எத்தனையோ பார்த்தாயிற்று. குடல்வாலில் அதுவரை ஒன்றுகூடப் பார்த்ததில்லை.

துள்ளிக்கொண்டு சர்ஜனுக்குப் போன் போட்டேன். "சார், அபூர்வமான கட்டி சார்! கெட்டதா இருக்காதுன்னுதான் தோணுது. எதுக்கும் இன்னும் ரெண்டு சாயம் போட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்."

அந்த மனுஷன் முதல் வரியை மட்டும் வார்டில் இறக்கி வைத்துவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்விட்டார். அபூர்வமான கட்டி என்றால் கேட்கிறவர்களுக்கு என்ன தோன்றும்? ஆள் அவ்வளவுதான் என்று முடிவே கட்டிவிட்டார்கள்.

சாயங்களில் சந்தேகத்துக்கே இடமில்லாமல் தெரிந்தது. வெறும் தசைக்கட்டி, பரம சாது. வெட்டின ஓரமும் சுத்தம். கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தபோது, சுவரைப் பிடித்துக்கொண்டு தையற்கடைக்காரியே என் அறைக்குள் வந்து நின்றாள்.

"யாரைக் கேட்டும்மா உள்ளே வந்தீங்க?"

"கோவிச்சுக்காதீங்க டாக்டர். ரிசல்ட் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு. கேன்சர் இல்லை. கட்டிதான் குடல்வாலோட வெளியே வந்தாச்சே, இனிமே அதுக்கு ஒரு மாத்திரைகூடத் தேவையில்லை. போய் நிம்மதியாத் தூங்குங்க."

கையெடுத்துக் கும்பிடுவாள் என்று பார்த்தால், ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"இதைக் கொஞ்ச நாள் கழிச்சுச் சொல்ல முடியுமா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என்னம்மா, விளையாடறீங்களா?"

விஷயம் வெளியே வந்தது. இவளுக்கு ஒரே தங்கை. தங்கை கட்டிக்கொள்ள இருந்தவனை, "இந்த உதவாக்கரைதான் கிடைச்சானா?" என்று அவன் வீட்டார் முன்னாலேயே இவள் கேட்டுவிட்டாள். தங்கை அவனையே கட்டிக்கொண்டாள், இவளோடு பேச்சு நின்றது. இருப்பது பக்கத்துத் தெருதான். வழியில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாளாம். கட்டி என்று காதில் விழுந்ததும் ஓடி வந்தவள், இப்போது சோறு ஊட்டுகிறாள், தலை வாரிவிடுகிறாள். பழசைப் பற்றி மூச்சு விடவில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்லேன்னு தெரிஞ்சா அவ போயிடுவா டாக்டர். அவளை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன். வராந்தா பெஞ்சில் தங்கை உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் வீங்கி, ஆபரேஷன் ஆனது இவளுக்குத்தானோ என்று தோன்றுகிற முகம்.

"பாருங்க அவளை. இன்னும் எத்தனை நாள் இப்படி உயிரை எடுக்கப் போறீங்க? போய் நீங்களே சொல்லுங்க."

போனாள். சொன்னாள். தங்கை முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். பிறகு புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்ப நீ சாக மாட்டே?"

"மாட்டேன்."

"நல்லாக் கேட்டியா?"

"டாக்டரே சொன்னாங்க."

"அப்ப இப்ப சொல்லு. என் புருஷனைப் பாத்து எப்படிக்கா உனக்கு அந்த வார்த்தை வந்துச்சு? அதுவும் அத்தனை பேரு முன்னாடி? சாகப் போறவகிட்ட எப்படிக் கேக்கறதுன்னு பல்லைக் கடிச்சிட்டு இருந்தேன். சும்மா விட்டுடுவேன்னு நினைச்சியா?"

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. சத்தம் கேட்டு வந்த நர்ஸைக் கைகாட்டி நிறுத்தினேன். தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு அக்கா மெல்லப் பெஞ்சில் உட்கார்ந்தாள். நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள்.

"கேளுடி," என்றாள். "உக்காந்து கேளு. எல்லாத்தையும் கேளு."