செட்டருக்குத் தூக்கம் கிடையாது

“உன் கம்ப்யூட்டர்ல நான் எங்கே இருக்கேன்?”

“மஞ்சளா ஒரு புள்ளி ஓடுதே, அதுதான் நீங்க.”

“அடிப்பாவி, இவ்வளவு குண்டாவா இருக்கேன்?”

கல்யாணமான புதிதில் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று அவன் கேட்டது. இப்போது அப்படி நின்று பேச நேரம் ஏது? இருவருக்கும் ஒரே தொழிற்சாலைதான். இயந்திரங்களுக்கு வெட்டும் கருவிகளை மாட்டி அளவு வைக்கும் செட்டர் அவன். கூட வேலை செய்கிறவருக்குக் குழந்தை பிறந்ததும், “ஒரு மாசம்தான்மா” என்று அவருடைய இரவு ஷிப்டை வாங்கிக்கொண்டான். அந்தக் குழந்தை இப்போது நடக்கிறது. இவர்கள் காலையில் வாசற்படியில் பார்த்துக்கொள்வதோடு சரி. கைக்குழந்தைக்காரரோடு போட்டி போடுவதா என்று அவளும் வாய் திறக்கவில்லை.

வாங்கப்போகும் இயந்திரங்களை முன்கூட்டியே கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பது அவள் வேலை. புதிய இயந்திர வரிசை ஒரு பாகம் செய்வதிலிருந்து இன்னொரு பாகம் செய்வதற்குத் தானே மாறிக்கொள்ளும். இரவில் ஆளில்லாமல் அது தாக்குப்பிடித்தால் அவன் வீட்டில் தூங்கலாம்.

தாக்குப்பிடித்தது. திரையில் எங்கும் தேக்கமில்லை. அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பிறகுதான் மஞ்சள் புள்ளியைக் கவனித்தாள். நடுராத்திரியிலும் ஓடிக்கொண்டிருந்தது. செட்டருக்கு ஷிப்ட் நேரம் போட மறந்திருக்கிறாள்!

அப்படியே விட்டுவிடலாமா என்று ஒரு கணம் கை தயங்கியது. திருத்தி மறுபடி ஓட்டினாள். விடிவதற்குள் கருவிகள் மழுங்கி, மாற்ற ஆளில்லாமல் வரிசை நின்றுவிட்டது.

“நல்லவேளை இப்பவே தெரிஞ்சுது. ராத்திரிக்கு ஒரு செட்டர் வேணும். உன் வீட்டுக்காரர்தான் இருக்காரே, தங்கமான மனுஷன், மாட்டேன்னே சொல்லமாட்டார்” என்றார் மேலாளர்.

மறுநாள் காலை அவன் சிவந்த கண்களோடு படியேறி வந்தான்.

“என்ன, உன் மிஷின் ஓடிச்சா?”

“நீங்க தூங்காம இருந்தா ஓடுதாம்.”

“அப்போ எனக்கு வேலை உறுதி!” என்று சிரித்தவன், அவள் சிரிக்காததைப் பார்த்து, “சரி கிளம்பு, பஸ் போயிடும்” என்றான்.

தான் கேட்க வேண்டியதைக் கம்ப்யூட்டர் கேட்டுவிடும் என்று இத்தனை நாளும் காத்திருந்தது அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. மாட்டிய செருப்பைக் கழற்றினாள்.

“பஸ் போகட்டும். ஏங்க, பகல் ஷிப்டுக்கு மாத்தச் சொல்லிக் கேளுங்க. ராத்திரியில நீங்க வீட்ல இருக்கணும், எனக்கு.”