சிப்பாய் மேல் ஏறிய மிளகு

ஏற்காட்டுப் பொதுக் கல்லறைத் தோட்டத்தைப் பராமரிக்கும் கண்ணாயி, உலகப் போரில் இறந்த சிப்பாய் ஒருவரின் கற்சிலுவையில் மிளகுக் கொடியை ஏற்றியிருந்தாள். ஆய்வுக்கு வந்த அதிகாரி சந்திரசேகர் அதைப் பார்த்துவிட்டார். வேலை போய்விடும் என்று கண்ணாயி பயந்தாள்.

“ஏனுங்கம்மா, கொடி ஏத்த எஸ்டேட்ல மரமே இல்லீங்களா?”

“இவரு காத்தடிச்சாக்கூட ஆடமாட்டாருங்க சார்.”

“கொடி மூடி அவரு பேரே தெரியலையே! இப்பவே வெட்டுங்க.”

“காய் நொம்ப இருக்குதுங்களே.”

சந்திரசேகர் மாரமங்கலத்து மிளகு விவசாயியின் மகன். கொத்து ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். ஓரிரு மணிகள் சிவந்திருந்தன, பறிக்கும் பருவம்.

“அப்பன்னா பறிச்சுட்டு வெட்டுங்க. ரிப்போர்ட்டுக்குப் போட்டோவ அதுக்கப்பறம் எடுத்துக்கறேன்” என்று சட்டைக் கையை மடித்தவர் கேட்டார்:

“சாக்கு எங்கீங்க?”