ஏசுபாதத்தின் உபவாசம்

ஈஸ்டருக்கு முந்திய லெந்து நோன்பு நாட்கள் தொடங்கியதிலிருந்து ஏசுபாதம் பகலில் தண்ணீரைத் தவிர வேறெதையும் தொடவில்லை. வருடாவருடம் இப்படித்தான். தாம்பரத்தில் அவர் போகும் சபையில் இதற்காகவே அவருக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. ஆனால் உபவாசம் இருக்க இருக்கக் கோபம்தான் ஏறிக்கொண்டே போனது. விடியற்காலையில் முழங்காலில் நின்று ஜெபிப்பார். எழுந்ததும் சட்டையை இஸ்திரி போடவில்லை என்று மனைவி பேபியிடம் எரிந்து விழுவார்.

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம், கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் அவர் சூப்பர்வைசர். ஒருநாள் காலை ஒரு மெஷின் ஆளில்லாமல் நின்றது. அதை ஓட்டும் சூர்யா வெகுநேரம் கழித்து ஓடி வந்தான்.

"சார், புள்ளைக்கு ஜுரம் சார். ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயி..."

ஏசுபாதம் அவனை முடிக்க விடவில்லை. வாயில் வந்ததையெல்லாம் கொட்டினார். பெற்ற பிள்ளையை வைத்துப் பொய் சொல்கிறவன் என்றார். எல்லோர் காதிலும் விழுந்தது. சூர்யா கையுறையைக் கழற்றி மெஷின் மேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

மறுநாளும் அவன் வரவில்லை. கூட வேலை செய்யும் ஃபிரெடிதான் சொன்னான், குழந்தைக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கிறது என்று.

வீட்டுக்கு வந்து பேபியிடம் சொன்னார். "பசியில ஏதோ பேசிட்டேன்."

"அப்ப தயவுசெஞ்சு சாப்டுடுங்க. நீங்க பட்டினி கெடக்கறதுக்கு நாங்கல்லாம் வாங்கிக் கட்டிக்கறோம்."

"ஆண்டவருக்காக இருக்கேன் பேபி."

"ஆமா. அவர்கிட்ட மட்டும்தானே மரியாதையா பேசறீங்க."

ஆத்திரத்தில் கதவை அறைந்து சாத்தினார். சாத்திய பிறகு தன் மேலேயே வெறுப்பாக வந்தது. இத்தனை வருடப் பட்டினி எங்கே போயிற்று?

சனிக்கிழமை சூர்யாவின் வீட்டைத் தேடிப் பெரும்பாக்கம் போனார். குடியிருப்பில் லிஃப்ட் ஓடவில்லை. வெறும் வயிற்றோடு படியேறி, மூச்சு வாங்கக் கதவைத் தட்டினார். சூர்யா திறந்தான்.

"இன்னா சார், பொய்யா நிஜமான்னு பாக்க வந்தியா? உள்ள வா. புள்ள தூங்கிகினு கீது, நல்லா பாத்துக்கோ."

யாரிடம் பேசுகிறாய் என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. அதை விழுங்க ஏசுபாதம் பட்ட பாடு கொஞ்சமல்ல.

"தப்பு என்னோடதுதான். வேலைக்கு வந்துடு சூர்யா."

"வேற எடம் பாத்துட்டேன் சார். அத்தினி பேரு முன்னாடி அசிங்கப்படுத்திட்டு, இங்க வந்து தனியா சாரி சொன்னா ஆச்சா?"

"அங்கயும் சொல்றேன். எல்லார் முன்னாடியும்."

"சொல்லிக்கோ. நான் இருக்க மாட்டேன்."

சூர்யாவின் மனைவி சினேகா டீ கொண்டுவந்து வைத்தாள். பொழுது சாய இன்னும் நேரமிருந்தது. வேண்டாமென்றால் உபவாசம் என்று சொல்ல வேண்டும். அந்த வீட்டில் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எடுத்துக் குடித்தார்.

திங்கட்கிழமை ஷிஃப்ட் தொடங்குமுன் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். "சூர்யா பொய் சொல்லலை. நான்தான் தப்பாப் பேசினேன்." பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். காது கொதித்தது. சிரித்தவன் யாரென்று கேட்காமல் அப்படியே நின்றார். சோற்றை ஒதுக்குவதற்கு இப்படிக் கஷ்டப்பட்டதில்லை.

சூர்யாவின் மெஷினுக்கு வந்த புது ஆள் அன்றைக்கு முழுக்கச் சரக்கை வீணாக்கினான். காலையில் வாயை மூடிக்கொண்டு, பக்கத்தில் நின்று காட்டிக்கொடுத்தார். மத்தியானம் முடியவில்லை, கத்திவிட்டார். உடனே அவன் முகம் சுருங்கியதைப் பார்த்தார்.

சாயங்காலம் பேபி கேட்டாள், "எப்படிப் போச்சு?"

"புது ஆள்கிட்ட கத்திட்டேன்," என்றார் கடுப்பாக. "ஒருநாள்கூட வாயைக் கட்ட முடியலை."

"அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

பேபி தட்டை எடுத்து வைத்தாள். ஏசுபாதம் இன்னும் முகம் கடுகடுக்க, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.